தூணைச் சுற்றிய டிராகன்

சீனத்துப் பழங்கம்பளங்களில் ஒரு வகை உண்டு. தரையில் விரித்துப் பார்த்தால், நெய்தவருக்குக் கணக்கு தப்பிவிட்டது என்றே நினைப்போம். டிராகனின் முகம் நடுவில் ஒழுங்காக இருக்கும். உடம்பு வலது ஓரம்வரை வளைந்து போய், அங்கே கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிடும். இடது ஓரத்தில், அதே உயரத்தில், அறுந்த துண்டு திடீரென்று முளைக்கும். ஒரு நகம் இங்கே, வால் நுனி அங்கே. மேலேயும் கீழேயும் கரை இருக்கும். பக்கவாட்டில் கரையே இருக்காது.

அதை எடுத்து ஒரு தூணில் சுற்றிக் கட்ட வேண்டும். இரண்டு ஓரமும் சந்திக்கும் இடத்தில் செதிலோடு செதில் பொருந்தி, டிராகன் தூணை வளைத்துக்கொண்டு மேலே ஏறும். பாதத்தில் பல நிறச் சாய்கோடுகளாகத் தண்ணீர், அதிலிருந்து எழும் மலைமுகடுகள். உச்சியில் வரிசையாக அரக்க முகங்கள், அவற்றின் வாயிலிருந்து தோரணமாகத் தொங்கும் மணிமாலைகள். இந்த முகம் நமக்குப் புதிதல்ல. நம் கோயில் கோஷ்டத்துக்கு மேலே விழி பிதுங்க உட்கார்ந்திருக்கும் அதே கீர்த்திமுகம்தான், பௌத்தத்தோடு இமயம் தாண்டிப் போயிருக்கிறது.

தூண் கம்பளங்கள் திபெத்திய பௌத்த மடங்களின் பெரிய மண்டபங்களுக்காகச் செய்தவை. ஆனால் அவற்றை நெய்தது திபெத்தில் அல்ல. பெரும்பாலானவை வடமேற்குச் சீனத்தில் மஞ்சள் ஆறு பாயும் நிங்சியாவிலும் அதை அடுத்த பகுதிகளிலும் நெய்யப்பட்டவை. தறியில் உட்கார்ந்தவர்கள் சீனர்கள். அவர்களில் ஹுய் முஸ்லிம்களும் இருந்தார்கள். காசு கொடுத்து வாங்கியது திபெத்திய, மங்கோலிய மடங்கள். நெய்தவர் ஒருவர், வாங்கியவர் வேறொருவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் கம்பளங்களின் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

முதலில் 'மங்கோலியக் கம்பளம்' என்ற பெயரைப் பார்ப்போம். ஏலக் கூடங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் தாராளமாகப் புழங்கும் பெயர் இது. ஆனால் முடிச்சுப் போட்டு நெய்யும் கம்பளம் மங்கோலிய மேய்ச்சல் குடும்பங்களின் தொழிலாக இருந்ததில்லை. ஆண்டுக்குப் பலமுறை கூடாரத்தைப் பிரித்து மாட்டிலும் ஒட்டகத்திலும் ஏற்றிக்கொண்டு நகர்கிறவர்களுக்குப் பெரிய நிலைத்தறி எதற்கு? அவர்களுடைய கைவேலை ஃபெல்ட், அதாவது நெய்யாமல், நனைத்து உருட்டி இறுக்கிய கம்பளி.

அதைச் செய்யும் விதமே தனி அழகு. பழைய ஃபெல்ட் ஒன்றைப் புல்வெளியில் விரிக்கிறார்கள். அதற்குப் பெயர் 'தாய்'. கோலால் அடித்துப் பஞ்சுபோல ஆக்கிய ஆட்டு மயிரை அதன்மேல் அடுக்கடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒரு கட்டையில் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, தோலைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறார்கள். பிறகு அதைக் குதிரைக்குப் பின்னால் பூட்டி வெட்டவெளியில் உருட்டிக்கொண்டே போகிறார்கள். ஓட்டம் முடிந்து கட்டை அவிழ்த்தால் உள்ளே இருப்பது 'மகள்'. அந்த மகள்தான் கூடாரத்தின் சுவர், கூரை, தரை எல்லாம். தரைக்குப் போடும் கெட்டி ஃபெல்ட்டை ஒட்டக மயிர் நூலால் நெருக்கமாகத் தைத்து உருவங்கள் எழுப்புவார்கள். அதற்கு ஷிர்தெக் என்று பெயர். பழக்கம் நேற்று வந்ததல்ல. பியோத்தர் கஸ்லோவ் என்ற ரஷ்யரின் குழு 1924-25இல் வட மங்கோலியாவின் நொயின் உலா மலைக் கல்லறைகளைத் தோண்டியபோது, சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய ஃபெல்ட் விரிப்புகள் கிடைத்தன. நடுவில் சுருள் சுருளாகத் தையல். ஓரத்தில் மிருகங்கள் ஒன்றையொன்று பாய்ந்து கடிக்கும் காட்சி, துணியை வெட்டி ஒட்டித் தைத்தது.

ஆக, கடைக்காரர் 'மங்கோலியன்' என்று சொன்னால் அதற்கு, மங்கோலியர் பயன்படுத்தியது, அல்லது இன்று உள்மங்கோலியா எனப்படும் எல்லையோர ஊர்களில் நெய்தது என்றுதான் பொருள். பாவ்தோ, சுயியுவான் என்றெல்லாம் சீட்டு ஒட்டியிருப்பார்கள். இதில் சுயியுவான் என்ற மாகாணமே 1954இல் உள்மங்கோலியாவோடு சேர்க்கப்பட்டு வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. கம்பளச் சந்தையில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

சரி, சீனர்களுக்கே கம்பளம் வேண்டியிருக்கவில்லையா? ஒரு காலத்தில் அவர்களும் நம்மைப் போலத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள்தான். இன்றைக்குச் சீன மொழியில் தலைவரைக் குறிக்கும் 'ஜூஷி' என்ற சொல்லுக்கு எழுத்துக்கு எழுத்து 'முதன்மைப் பாய்' என்று அர்த்தம். மாவோவின் பதவிப் பெயரிலும் அந்தப் பாய் சுருண்டு கிடக்கிறது. தாங் அரச மரபின் காலத்துக்குப் பிறகு, அடுத்து வந்த சோங் மரபின் ஆட்சியில், நாற்காலியும் உயர்ந்த மேசையும் வீட்டுக்கு வீடு வந்தபின் தரைக்கு மரியாதை குறைந்தது. அதற்கு முன்பே ஒரு தாங் காலக் கவிஞர், அரண்மனைக்குப் பட்டு நூலில் கம்பளம் நெய்து அனுப்பும் அதிகாரியைத் திட்டி எழுதியிருக்கிறார்: தரைக்கா குளிர்கிறது, உடுத்தத் துணி வேண்டியது மனிதனுக்கல்லவா என்ற தோரணையில். அந்தக் கால விரிப்புகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஜப்பானுக்குத்தான் போக வேண்டும். நாரா நகரின் ஷோசோயின் பொக்கிஷ அறையில், 756இல் இறந்த ஷோமு பேரரசரின் பொருட்களைச் சேர்ந்த தொகுப்பில், பூ வேலை செய்த ஃபெல்ட் விரிப்புகள் நிறம்கூட அதிகம் மங்காமல் இருக்கின்றன.

பிறகு கம்பளம் சீனத்தின் வடக்கு, மேற்கு விளிம்பின் பொருளாகவே இருந்தது. சீனத்தைப் பிடித்து ஆண்ட மங்கோலியரின் யுவான் அரசு தன் பட்டறைகளில் செய்த ஃபெல்ட்டுக்கும் கம்பளத்துக்கும் தனியாகவே கணக்கு எழுதி வைத்தது. ஆள வந்தவர்களின் வழக்கம் அது. வட சீன வீடுகளில் அடியில் நெருப்பு போட்டுச் சூடாக்கும் செங்கல் திண்ணை ஒன்று உண்டு, பெயர் காங். குளிர்காலம் முழுக்கக் குடும்பமே அதன்மேல்தான். சிறிய சீனக் கம்பளங்களில் நிறைய இந்தத் திண்ணைக்காகச் செய்தவை. நாற்காலிக்கும் முதுகுக்கு ஒன்று, உட்கார ஒன்று என்று ஜோடி நெய்தார்கள். முதுகுத் துண்டின் மேல்விளிம்பு வளைந்து வளைந்து இருப்பதை வைத்து அடையாளம் கண்டுவிடலாம்.

நிங்சியாவில் ஏன் என்பதற்குப் பதில் நிலத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் பாலைவனம், மறு பக்கம் மேய்ச்சல் நிலம், நடுவில் ஆற்றுக் கால்வாய்களால் விளையும் வயல்கள். கம்பளி ஒரு பக்கத்திலிருந்து வரும், பருத்தி நூல் இன்னொரு பக்கத்திலிருந்து வரும், வாங்குகிறவர் ஒட்டகத்தோடு வாசலில் நிற்பார். 1697இல் கால்தான் என்ற மேற்கு மங்கோலியத் தலைவனை ஒடுக்கப் படையோடு வந்த சீனப் பேரரசர் காங்ஷி நிங்சியாவில் தங்கினார். அவரோடு வந்த பிரெஞ்சு ஏசு சபைத் துறவி ஜெர்பியோன், அங்கே அரசருக்குத் தரைவிரிப்புகள் காட்டப்பட்டதையும், நெய்யும் வேலையை அரசர் தன் முன்னால் செய்யச் சொல்லிப் பார்த்ததையும் குறித்து வைத்திருக்கிறார். துருக்கிக் கம்பளம் மாதிரிதான், ஆனால் அதைவிட முரடு என்பது அவர் கருத்து.

முரடு என்றது தப்பில்லை. பழைய சீனக் கம்பளத்தில் ஒரு சதுர அங்குலத்துக்கு முடிச்சுகள் பெரும்பாலும் 30 முதல் 60தான். நல்ல பாரசீகக் கம்பளத்தில் இதைப்போல ஐந்து மடங்கு, பத்து மடங்கு இருக்கும். பாவும் ஊடையும் பருத்தி. முடிச்சு போடும் கம்பளி நூல் தடிமனானது, தளர முறுக்கியது. இத்தனை குறைந்த முடிச்சில் மெல்லிய கொடிகளை நெளியவிட முடியாது. நெளியவிட்டால் படிக்கட்டு மாதிரி உடைந்து தெரியும். அதனால்தான் சீனக் கம்பளத்தில் இவ்வளவு வெற்றிடம். ஒரே நிறத்தில் அகன்ற தரை, நடுவில் ஒரு வட்டம், நாலு மூலையில் நாலு உருவம், இடையில் அங்கங்கே ஒரு பூ, ஒரு பட்டாம்பூச்சி. பாரசீகத்துக்காரர் இண்டு இடுக்கு விடாமல் நிரப்புவார். இவர் விட்டுவிட்டுப் போவார். எனக்கு இந்தக் கைச்சிக்கனம்தான் பிடிக்கும். நீலத்தில் இரண்டு மூன்று அழுத்தங்கள், தந்த வெள்ளை, ஒரு மஞ்சள், கொஞ்சம் பழுப்பு: வேலை முடிந்தது. நீலமும் வெள்ளையும் மட்டும் வைத்து நெய்தவற்றைப் பார்த்தால் பீங்கான் ஜாடிதான் நினைவுக்கு வரும்.

இப்படித் தனித்தனியாக நிற்கும் உருவங்கள் சும்மா நிற்கவில்லை. அவை பேசுகின்றன, அதுவும் சிலேடையில்.

தமிழில் ஒரே சொல்லை இரண்டு பொருள்பட வைத்தால் சிலேடை. சீன மொழியில் ஒரே ஒலிக்குப் பல சொற்கள் உண்டு. ஆகவே ஒன்றைப் படமாக வரைந்து, அதே ஒலியுள்ள இன்னொன்றைச் சொல்லிவிடலாம். வவ்வாலுக்கு 'ஃபூ' என்று ஒரு பெயர், நற்பேறுக்கும் 'ஃபூ'. நமக்கு வவ்வால் என்றால் பாழ்மண்டபம்தான் நினைவுக்கு வரும், வீட்டுக்குள் நுழைந்தால் துடைப்பத்தைத் தேடுவோம். அங்கே ஐந்து வவ்வால்கள் ஒரு வட்டத்தைச் சுற்றிப் பறந்தால் ஐந்து பேறுகளும் வந்து சேர்ந்ததாகக் கணக்கு. நடுவட்டத்தில் பெரும்பாலும் நீண்ட ஆயுளைக் குறிக்கும் 'ஷோ' என்ற எழுத்தே வடிவமாக இருக்கும். தலைகீழாகத் தொங்கும் வவ்வாலுக்கு இன்னும் மதிப்பு, ஏனென்றால் 'தலைகீழ்' என்பதும் 'வந்துவிட்டது' என்பதும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும். பேறு வந்துவிட்டது என்றாகிறது.

பூனை ஒன்று பட்டாம்பூச்சியை அண்ணாந்து பார்க்கிறதா? குழந்தைக்கான படம் இல்லை அது. பூனை 'மாவ்', பட்டாம்பூச்சி 'தியே'. எண்பது, தொண்ணூறு வயதைக் குறிக்கும் பழஞ்சொற்களும் கிட்டத்தட்ட அப்படியே ஒலிக்கும். பாட்டிக்கோ தாத்தாவுக்கோ கொடுக்கும் வாழ்த்து. மான் 'லூ', அரசு உத்தியோகத்துச் சம்பளமும் 'லூ'. ஜாடிக்குள் மூன்று ஈட்டிகள் சொருகியிருந்தால் ஒரேயடியாக மூன்று படி பதவி உயர்வு. சீனத்துக் குடும்பங்களின் ஆசைகளை வரிசையாகத் தெரிந்துகொள்ள வேறு ஆவணமே வேண்டாம் போலிருக்கிறது: ஆயுள், வேலை, காசு, பிள்ளைகள். பிள்ளைகளுக்கு மாதுளை. எத்தனை விதை என்று எண்ணிப் பாருங்கள்.

நெய்தவர் ஒருவர், வாங்கியவர் வேறொருவர் என்ற அந்தப் புதிர் இங்கேதான் திரும்ப வருகிறது. சிலேடை மொழிக்குள் மட்டும் வேலை செய்யும். மங்கோலிய மொழியில் வவ்வாலுக்கும் நற்பேறுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. திபெத்தியிலும் அப்படியே. அப்படியானால் மடத்துக் கம்பளத்தின் மூலையில் வவ்வாலைப் பார்த்த பிக்குவுக்கு என்ன புரிந்திருக்கும்? அழகான பூச்சி என்று நினைத்திருக்கலாம்.

கெட்டிக்கார நெசவாளி இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் உருவங்களைத் தேர்ந்தெடுப்பார். இரட்டை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். பௌத்தருக்கு அது அஷ்டமங்கலத்தில் ஒன்று. சங்கு, தாமரை, குடை, சக்கரம், கும்பம், முடிவில்லா முடிச்சு இவற்றோடு இந்தியாவிலிருந்து போனது. சீனருக்கோ மீன் 'யூ', மிச்சமும் 'யூ'. வருடக் கடைசியில் கையில் நாலு காசு மிஞ்சும் என்ற வாழ்த்து. கும்பமும் அப்படித்தான்: பிக்குவுக்கு அது நிதி நிறைந்த மங்கலக் கலசம், வியாபாரிக்கு 'பிங்' என்ற ஜாடி, 'பிங்' என்றால் அமைதி. ஒரே முடிச்சுகள், ஒரே நீல நூல், வாசிப்பு மட்டும் இரண்டு. 1578இல் மங்கோலிய அரசர் அல்தான் கான் மூன்றாம் தலாய் லாமாவைச் சந்தித்த பிறகு மங்கோலியரிடையே திபெத்திய பௌத்தம் வேகமாகப் பரவியது. மடங்கள் பெருகின, பிறகு சீனத்தை ஆண்ட சிங் மரபு அரசர்களும் அவற்றுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். இந்த இரட்டை வாசிப்புக்கு வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள். பிக்குகள் வரிசையாக உட்கார நீளக் கம்பளங்கள் வேண்டும்; ஒரே நீட்டமாக நெய்து, ஆளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு வட்டம் என்று பிரித்துவிடுவார்கள். பந்தி இலைபோல அவரவர் இடம் அவரவருக்கு.

கரையில் வரும் கோணல்மாணல் கோட்டுக்கும் இதே கதை. உள்பக்கமாகச் சதுரமாகச் சுருளும் அந்தக் கோட்டைச் சீனர்கள் 'இடி வடிவம்' என்பார்கள். 3000 ஆண்டுகளுக்கு முந்தைய வெண்கலப் பாத்திரங்களிலேயே இருக்கிறது. இதன் நெருங்கிய உறவான வளைகோட்டை மங்கோலியர் கூடாரக் கதவிலும் பெட்டியிலும் வரைவார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'சுத்தியல் வடிவம்'. ஸ்வஸ்திகத்தையும் கரையில் சங்கிலியாகக் கோத்திருப்பார்கள். சீன மொழியில் அதை 'வான்' என்று வாசிக்க வேண்டும், அதாவது பத்தாயிரம். 'ஷோ' எழுத்தோடு மாறி மாறி வந்தால் பத்தாயிரம் ஆண்டு ஆயுள். இந்தக் கோலத்தைப் பார்த்ததும் ஹிட்லரை நினைத்து முகம் சுளிக்கும் மேற்கத்திய வாடிக்கையாளர்களுக்கு வியாபாரிகள் இதை விளக்கி விளக்கிச் சலித்துப் போயிருப்பார்கள்.

குதிரைக்கு நெய்ததையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சேணத்துக்கு அடியில் போடும் கம்பளத்தை நிமிர்த்திப் பார்த்தால் நடுவில் ஒரு தையல் ஓடும். இரண்டு பாதிகளைத் தனித்தனியாக நெய்து முதுகெலும்பு வரும் இடத்தில் சேர்த்திருப்பார்கள். காரணம் எளிது. கம்பளத்தின் மயிர் எப்போதும் ஒரு பக்கமாகப் படியும். ஒரே துண்டாக நெய்தால் குதிரையின் ஒரு விலாவில் மயிர் கீழ்நோக்கியும் மறு விலாவில் மேல்நோக்கியும் படியும். மேல்நோக்கிய பக்கம் மழைத்தண்ணீரை வாரிக் குடிக்கும். இரண்டு பாதியாக நெய்து எதிரெதிராகச் சேர்த்தால் இரு பக்கமும் மயிர் கீழ்நோக்கி வழியும், பூக்களும் இரு பக்கமும் நிமிர்ந்து நிற்கும். வார் நுழையத் துளைகளும் விட்டிருப்பார்கள். மங்கோலியப் பிரபு ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதை அவர் குதிரை வரும்போதே ஊர் தெரிந்துகொண்டிருக்கும்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1900இல் அந்நியருக்கு எதிராக எழுந்த பாக்சர் கலவரமும் அதை ஒட்டி அந்நியப் படைகள் பெய்ஜிங்கில் அடித்த கொள்ளையும், அரண்மனைக் கம்பளங்களை மேற்குக்கு அறிமுகம் செய்தன. முதல் உலகப் போரில் துருக்கி, பாரசீகச் சரக்கு தடைப்பட, அமெரிக்கக் கடைகள் சீனத்தின் பக்கம் திரும்பின. 1923இல் பாவ்தோவுக்கு ரயில் வந்தது. தோணியிலும் தோல் தெப்பத்திலும் ஆற்றில் இறங்கிய கம்பளி இனி நேராகக் கடலோரத் தியன்ஜினுக்குப் போனது. அங்கே வால்டர் நிக்கல்ஸ் போன்ற அமெரிக்கர்கள் பட்டறை நடத்தினார்கள். கத்தரிப்பூ நிறம், பச்சை, அடர் சிவப்பு. ஒரு மூலையில் மட்டும் சாய்ந்து எழும் பூங்கொத்து. கால் புதையும் தடிமன். உருவத்தைச் சுற்றிக் கத்தரியால் வெட்டிய பள்ளம். அழகுதான், ஆனால் வவ்வால் அங்கே பேசாது. வாங்குகிறவருக்குச் சீன மொழியும் தெரியாது, புத்தரும் வேண்டியதில்லை.

கடைசியாக, நிறம். சிங் மரபுக்கு முன் ஆண்ட மிங் மரபின் அரண்மனையில், குறிப்பாக 1572 முதல் 1620 வரை ஆண்ட வான்லி அரசர் காலத்தில் கிடந்த பெரிய டிராகன் கம்பளங்களில் சில இன்றும் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்திலும் வெளியிலும் இருக்கின்றன. 2021 நவம்பரில் பாரிஸில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அப்படி ஒன்று சுமார் 69 லட்சம் யூரோவுக்குப் போனது. பார்க்க இதமான மணல் மஞ்சள் தரை. மஞ்சள் அரசருக்கே உரிய நிறம் என்று படித்தவர்கள், ஆகா பொருத்தம் என்று தலையாட்டிவிடுவோம். உண்மையில் அந்தத் தரை சிவப்பு. கேரளத்துச் சாப்பாட்டுக் கடையில் இளஞ்சிவப்பாக வெந்நீர் தருவார்களே, அதில் போடும் பதிமுகக் கட்டை ஒரு சாய மரம். அந்த மரத்தின் சாயம் ஏற்றிய கம்பளி புதிதில் கண்ணைப் பறிக்கும். வெளிச்சம் பட்டால் நிற்காது. நானூறு வருடத்தில் மேலெல்லாம் வெளிறி மஞ்சளாகிவிட்டது. இத்தகைய கம்பளங்களில் மயிரை இரண்டு விரலால் பிளந்து வேரைப் பார்த்தாலோ, திருப்பிப் போட்டு முதுகைப் பார்த்தாலோ சில இடங்களில் பழைய சிவப்பு ஒளிந்திருக்கும். அதேபோல இரும்புச் சத்து சேர்த்துச் சாயம் போட்ட கரும்பழுப்பு நூல் காலப்போக்கில் இற்று உதிரும். கோடு பள்ளமாகி, பக்கத்தில் இருக்கும் நீலம் மேடாகத் துருத்தும்.

இதை வைத்து மட்டும் வயதை முடிவு கட்டிவிடக்கூடாது. தியன்ஜின் பட்டறைகள் பளபளப்புக்காகப் புதுக் கம்பளங்களை ரசாயனத்தில் கழுவின. அதிலும் நுனி வெளிறி வேர் அழுத்தமாகத் தெரியும். பட்டிலும் ஜரிகையிலும் நெய்து, உச்சியில் இன்ன மாளிகையின் உபயோகத்துக்கு என்று சீன எழுத்தில் பொறித்த கம்பளங்களும் அடிக்கடி விற்பனைக்கு வரும். அவற்றில் பல, அந்த மாளிகைகளைவிடச் சந்தையை நினைத்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் செய்தவை. எழுத்தைப் படித்துக் காட்டுகிறவரிடம், முதலில் முதுகைத் திருப்பிக் காட்டச் சொல்வது நல்லது.